எம் தபால் தலைத் தொகுதி

மாந்தர் விரும்பிச் சேர்க்கும் பொருள்கள் பலவகைப்படும். பொன்னைச் சேர்ப்பாரும் உளர்; பழஞ் சுவடிகளைச் சேர்ப்பாரும் உளர். யாம் இளமை முதற் சேர்த்து வருவன நினைவுத் தபால் தலைகளாம்.

இந்தியாவில் இத்தகைய தலைகள் 1931-ஆம் ஆண்டில், புதுடில்லித் திறப்பு விழாவை முன்னிட்டு முதன்முதல் வெளிப்போந்தன. நாடு விடுதலை பெற்றபின், 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், காந்தியடிகளின் திருவுருவம் தாங்கிய நான்கு தலைகள் வெளியாயின. அவற்றின் விலை 1½ அணா, 3½ அணா, 12 அணா, 10 ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பெற்ற அவற்றில் 'பாபு' என்னும் சொல் தேவநாகரி, உருது ஆகிய இரண்டு எழுத்துக்களிலும் பொறிக்கப்பட்டுள்ளது. அவற்றுள் 1½ அணாத் தலையொன்று எம் கைக்கு வந்த வரலாற்றையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

எம் ஊர் பாப்பாரப்பட்டிக்கு அணித்தாயதொரு சிற்றூர். சேலம் ஜில்லாவினின்று தர்மபுரி தனி மாவட்டமாய்ப் பிரிந்தது 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள். அதற்கு மூன்றாண்டு கழித்து, பள்ளிச் சிறுவராயிருந்த யாம், பரண்மேற் கம்பியிற் கோத்துக் கிடந்த பழங் கடிதங்களைக் கண்டோம். ஓர் உறையிற் காந்தியடிகள் விளங்கினார். அது, சென்னையிற் பயின்றுகொண்டிருந்த எம் தந்தையார்க்குப் பாட்டனார் 1948-இல் விடுத்தது. மூலையிற் 'சேலம் ஜில்லா' என முகவரி இருந்தது. உறையை ஒட்டிய பின்னர் நினைவு வந்தது போலும், புறத்தே, "மழை பெய்தது. கேழ்வரகு விதைத்தாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள்" என்று மையினால் எழுதியிருந்தார்.

யாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. உறையைத் தண்ணீரில் அமிழ்த்தினோம். தலை பிரிந்தது, மையும் கரைந்தது. நைந்த தாளை எருக்குழியில் எறிந்தோம்.

மாலையில் எம் பெற்றியைத் தந்தையாரிடம் பெருமையோடு காட்டினோம். அவர் தலையை நோக்கவில்லை. "உறை எங்கேடா?" என்று வினவினார். நிகழ்ந்தது கூறினோம். "அதுதானடா உன் தாத்தா எனக்கு எழுதிய கடைசிக் கடிதம்" என்றார். எம்மை அடிக்கவில்லை, அன்றிரவு அவர் உண்ணவும் இல்லை.

தலையினும் முத்திரை குத்திய முழு உறையே சிறந்தது, ஊரையும் நாளையும் அஃது உணர்த்தும் என்பதனைப் பிற்காலத்தில் இத்துறை வல்லுநர்பால் அறிந்தோம். ஆயினும் அவ்விழப்பு ஓர் இழப்பன்று. அத்தகைய உறையை இன்றும் விலை கொடுத்துப் பெறலாம். பாட்டனாரின் கையெழுத்தை எவ்விலை கொடுத்துப் பெறுவது?

இன்று எம் தொகுதியின் முதற் பக்கத்தில் அத்தலை இருக்கின்றது. அதனருகே பாட்டனாரின் மூன்று வாக்கியங்களையும் நினைவினின்று எம் கையாலேயே எழுதி வைத்திருக்கின்றோம். அவை அவர்தம் எழுத்தல்ல. சொல்லேனும் எஞ்சியதே என்று ஆறுதல் கொள்கின்றோம்.

மாணவ நண்பர்காள்! நீவிரும் தபால் தலை சேர்மின். நாடும் வரலாறும் அதனால் விளங்கும். ஆனால் தலையைப் பிரிக்குமுன் கடிதத்தைப் படித்துக்கொள்ளுங்கள்.