தொடை கொடுத்த கைமாத்து

நான் படிப்பது பி.காம். டெபிட், கிரெடிட்டைத் தாண்டி அதிகம் தெரியாது. ஆனாலும் இன்றைக்கு எழுதப்போவது தோலைப் பற்றி. காரணம், நாமக்கல்லில் லாரி ஓட்டும் என் மாமா.

ஒரு விபத்தில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. சர்க்கரை வேறு. மாசக்கணக்கில் கட்டு மாற்றியும் புண் மூடவில்லை. தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்கலாம் என்றார் டாக்டர். மாமா கேட்டார்: "நல்லா இருக்கற தொடையையும் எதுக்குங்க புண்ணாக்கோணும்?"

நியாயமான கேள்விதானே?

எடுப்பது முழுத் தோல் இல்லை, மேல் சீவல் மட்டும். அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடியில் மிஞ்சும் தோலில் மயிர்க்கால்கள் இருக்கும். அவற்றின் செல்கள் பெருகி இரண்டு வாரம் போல மேல்தோலைத் திரும்ப உண்டாக்கிவிடும். ஆழமான புண்ணில் அந்த மயிர்க்கால்களே போய்விடுவதால், ஓரத்திலிருந்துதான் தோல் வளர்ந்து வர வேண்டும். அதனால்தான் அது மூடுவதில்லை. ஆக, தொடை கொடுப்பது வட்டியில்லாக் கைமாத்து!

சீவிய தோலில் மெஷின் வைத்துக் கீறல் போட்டு இழுத்தால், வெங்காய மூட்டை வலை மாதிரி விரியும். மூன்று மடங்கு இடத்தைக்கூட மூடலாம். ஓட்டைகள் வழியே ரத்தமும் நீரும் வடிந்துவிடும். வைத்த தோல் முதல் ஒன்றிரண்டு நாள் புண்ணின் ஈரத்தை உறிஞ்சித்தான் பிழைக்கிறது. பிறகுதான் ரத்தக் குழாய்கள் இணையும். நடுவில் சீழ் பிடித்தாலோ அசைந்தாலோ எல்லாம் வீண். அதனால் முதலில் சர்க்கரையை இறக்கி, புண்ணைச் சுத்தம் செய்தார்கள். பிறகு ஐந்து நாள் காலை அசைக்கவே விடவில்லை. மாமா இப்போது மறுபடி லாரி ஓட்டுகிறார். வலைத் தடம் மட்டும் காலில் நிற்கிறது.

சரி, உடம்பில் பாதி வெந்தவர் யாரிடம் கைமாத்து கேட்பார்? அதற்குத்தான் தோல் வங்கி. மும்பை சயன் மருத்துவமனையில் 2000இல் ஒன்று தொடங்கியது. நமக்குப் பக்கத்தில், கோவை கங்கா மருத்துவமனையில் இருக்கிறது. இறந்தவரின் தோலை கிளிசராலில் பதப்படுத்தி வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. சில வாரங்களில் உடம்பு அதைத் தள்ளிவிடும். அதுவரை கிருமியையும் நீரிழப்பையும் தடுக்கும். அந்த அவகாசத்தில் சொந்தத் தோல் வளரும்.

கண் தானத்துக்குச் சரி என்கிறவர்கள்கூட, "உடம்பையே உரிச்சுருவாங்களா?" என்று பயப்படுகிறார்கள். உரிப்பதில்லை. தொடை, கால், முதுகிலிருந்து அதே மெல்லிய சீவல்தான். கட்டுப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அழுதுகொண்டிருக்கும் வீட்டில் அந்த நேரத்தில் யாருக்கும் இது தோன்றாது. இன்றைக்கே வீட்டில் சொல்லி வையுங்கள்.