லே தளத்தில் ஜனவரி

ஜோஜிலா கணவாயைப் பனி அடைத்துவிட்டால் லடாக்குக்குப் பெரும்பாலும் வானம்தான் வழி. ஜனவரிக் காலையில் லேயில் இறங்கினேன். சுமார் 10,700 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஓடுதளம் விமானப் படையுடையது. பயணி விமானங்களும் அதில்தான் இறங்குகின்றன. 1948 மே 24-ஆம் தேதி, சோனம் நோர்பு என்ற லடாக்கியப் பொறியாளர் அமைத்த மண் தளத்தில் விமானப் படை அதிகாரி மெஹர் சிங் ஒரு டகோட்டா விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார். அருகில் தரைப்படையின் ஜெனரல் திம்மையா. அப்போதைய காஷ்மீர் போரில் லே காப்பாற்றப்பட்டதில் அந்தத் தரையிறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கடைவீதியில் ஒரு தேநீர்க் கடையில், விடுப்பு நாளில் வந்திருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். தாம்பரத்தில் பயிற்சி முடித்த விமானப் படை மெக்கானிக். "புதுசா வர்ற பசங்களுக்கு முதல் ரெண்டு நாள் படுத்தே கிடக்கறதுதான் சார் ட்ரெய்னிங்" என்றார். அடுத்த நாட்களில் மெதுவான நடை, பிறகு சிறிய ஏற்றம். ஆறு நாள் முடியாமல் யாரையும் வேலைக்கு விடுவதில்லை. வந்த அன்றே மாடிப்படியில் ஓடிய ஒரு பையனுக்கு இரவில் ஆக்ஸிஜன் வைக்க வேண்டியதாயிற்றாம்.

தேநீர்க் குவளையை அவர் இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தார். வலது சுட்டுவிரல் நுனியில் இரண்டு வெடிப்புகள், மேலே பிளாஸ்திரி. மைனஸ் இருபதில் வெறும் விரலால் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கனத்த கையுறையோடு, போல்ட்டுகள் கழன்றுவிடாமல் கட்டும் லாக் வயரை முறுக்கவும் முடியாது. மெல்லிய உறையோடு கொஞ்சம் முறுக்குவார், உடனே கையைக் கக்கத்தில் வைத்துக்கொள்வார், மறுபடி முறுக்குவார். தங்குமிடத்தில் புகாரி என்னும் மண்ணெண்ணெய்க் கணப்பு அடுப்பு. அதை மூட்டினால், எவ்வளவு குளிரானாலும், ஜன்னலில் ஒரு கீற்று திறந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் நச்சுவாயு ஆளைக் கொன்றுவிடும்.

என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. மனிதனை வாட்டும் அதே குளிர்தான் விமானத்தைத் தூக்கிவிடுகிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். குளிர்ந்த காற்று சற்றே அடர்த்தியாக இருப்பதால் இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிப்புக் கிடைக்கும். வெயில் ஏறினால் அந்தப் பிடிப்பு குறையும். பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்றும் சீறும். ஆகவே பறப்பது பெரும்பாலும் காலையில். சியாச்சினுக்குப் போகும் சீட்டா ஹெலிகாப்டர் மிக உயரமான சில சாவடிகளுக்கு ஒரு நடைக்கு ஒரு கேன் மண்ணெண்ணெய்தான் சுமக்கும். அங்கே சுழலியை நிறுத்தாமலே இறக்கிவிட்டுத் திரும்பும். அந்த ஒரு கேனுக்காக, இருட்டிலேயே எழுந்து உறைந்த எஞ்சினுக்குச் சூடேற்றுகிறவர்கள் இந்த மெக்கானிக்குகள். விமானிகளுக்குக் கிடைக்கும் புகழில் பாதியாவது இவர்களுக்கும் சேர வேண்டும்.

புதிய பையன்களை இப்போது அந்தத் திருநெல்வேலிக்காரரிடம்தான் ஒப்படைத்திருக்கிறார்கள். முதலில் புகாரிக்குப் பக்கத்தில், கையுறை போட்டபடி, பழைய போல்ட்டுகளில் வயர் முறுக்கச் சொல்கிறார். கண்ணை மூடிக்கொண்டு செய்ய வந்த பிறகே வெளியே அழைத்துப் போகிறாராம்.