காட்டு வழியே கதிர்காமம்

கதிர்காமத்து ஆடி உற்சவத்திற்குக் கிழக்கிலிருந்து நடந்து போகும் அடியார்கள் உகந்தை முருகன் கோயிலில் ஒன்றுகூடுவார்கள். அதன்பின் காடுதான். உற்சவத்தை ஒட்டிச் சில நாட்கள் மாத்திரமே இந்தப் பாதை திறக்கப்படும். குமண, யால ஆகிய இரு தேசிய வனங்களையும் கடக்க ஏறத்தாழ ஐந்து நாட்கள் செல்லும். குமண வனம் யுத்தம் காரணமாக 1985 முதல் 2003 வரை மூடப்பட்டிருந்தது.

கணவரை யுத்தத்தில் இழந்த நாள் முதல் கல்யாண வீட்டிலும் கோயிலிலும் பின்னால் நிற்கப் பழகியவள் நான். "உனக்கேன் இந்தக் காட்டுப் பயணம்?" என்று உறவினர் தடுத்தார்கள். ஆனாலும் சென்ற வருடம் எங்கள் ஊர்ப் பெண்கள் சிலருடன் புறப்பட்டேன்.

அரிசி, பருப்பு, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் தலைச்சுமைதான். வழியெங்கும் புள்ளிமான்களும் மயில்களும் கண்டோம். மயிலைக் கண்டபோதெல்லாம் "அரோகரா" என்ற குரல் எழுந்தது. கும்புக்கன் ஆற்றங்கரையில் பெரிய மருத மரங்களின் நிழலில் சமைத்துச் சாப்பிட்டோம். இரவில் நெருப்பு மூட்டி, பெண்களையும் பிள்ளைகளையும் நடுவில் படுக்க வைத்தார்கள். ஒருநாள் காலை குட்டியோடு யானைக் கூட்டமொன்று பாதையைக் கடந்தது. முன்னால் போன பெரியவர் கையைக் காட்டியதும் எல்லோரும் மூச்சுக்காட்டாமல் நின்றோம். அவை போன பின்பே நடந்தோம்.

காட்டில் எல்லோரும் "சாமி"தான். நெற்றியில் பொட்டு இருக்கிறதா, கணவர் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. முதல்நாள் என் கையால் கஞ்சி வாங்கிக் குடித்த ஒரு தாய், "நல்லா இரு சாமி" என்று வாழ்த்தினார். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருடங்கள்!

கதிர்காமத்தில் கருவறையைத் திரை மறைத்திருக்கும். உற்சவ இரவில் யானைமீது பேழை எழுந்தருளி வள்ளியம்மன் கோயிலுக்குச் செல்லும். வள்ளி வேடர்குலப் பெண். அந்தக் காட்டுப் பெண்ணின் வாசலுக்குக் கந்தன்தான் தேடிப் போகிறான்! தமிழரும் சிங்களவரும் அருகருகே நின்று வணங்கினார்கள். நானும் முன்வரிசையில் நின்றேன். மறுநாள் மாணிக்க கங்கையில் நீராடினேன்.

சகோதரிகளே, போக விரும்பினால் பாதை திறக்கும் திகதியை முன்கூட்டியே விசாரியுங்கள். பழக்கமானவர்களோடு கூட்டமாகப் போங்கள். பொலித்தீனைக் காட்டில் போடாதீர்கள். "உனக்கேன்?" என்று கேட்பவர்களுக்காக மட்டும் நின்றுவிடாதீர்கள்.