ஆடி பிறக்குமுன்

ஆனி 19, வியாழன்

ஆடி மாதம் பிறந்தால் புது மணமக்களைப் பிரித்துப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது நம் நாட்டுச் சம்பிரதாயம். நாதஸ்வரக் கலைஞரின் மனைவிக்கு மட்டும் அது தலைகீழாக அமைந்துவிடுகிறது. ஆடியில் கல்யாண முகூர்த்தம் கிடையாது. முகூர்த்தம் இல்லையென்றால் மேளத்துக்கு வேலை குறைவு. ஆகையால் சித்திரை, வைகாசி, ஆனி என்று ஊர் ஊராய்ப் போய்ப் பிறர் வீட்டு மணப்பந்தல்களில் மங்கல வாத்தியம் வாசித்துத் திரிந்த மனிதர், ஊரெல்லாம் தம்பதிகள் பிரிந்திருக்கும் மாதத்தில்தான் தம் வீடு வந்து சேருகிறார்.

பம்பாயின் மழையும் நம் கணக்குக்கு ஒத்து வருவதில்லை. முல்லைத் திணையின் தலைவன் கார்காலத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் பிரிகிறான். கார் என்பது ஆவணியும் புரட்டாசியும் என்று முன்னோர் வகுத்திருக்கிறார்கள். இங்கோ, வைகாசி முடிந்தும் முடியாத ஜூன் இரண்டாவது வாரத்திலேயே தென்மேற்குப் பருவமழை அரபிக்கடலிலிருந்து ஏறி வந்துவிடுகிறது. இது உண்மையான கார்காலம் அன்று, பருவமறியாத மழை என்று தோழி தலைவியைத் தேற்றுவதாகச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்களே, அந்தத் தேறுதல் செம்பூர் வீட்டு ஜன்னலருகே நிற்கும் எனக்கு இலக்கணம் பிசகாமல் பொருந்துகிறது. ஆனாலும் தேறுதல் வார்த்தையால் மழையின் சப்தம் குறைந்துவிடுமா?

ஆனி 22, ஞாயிறு

பூஜைக்குப் பூவும் வெற்றிலையும் வாங்க மாதுங்காவுக்குப் போனேன். செம்பூரில் கிடைக்காததல்ல; ஆனால் மாதுங்கா ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் மதுரை மல்லியும் வாழையிலைக் கட்டும் காப்பிக்கொட்டை வறுபடும் மணமும் ஒருசேர எதிர்கொள்ளும் அந்தச் சில கஜ தூரத்தில், என் கணவர் இருக்கும் நாட்டுக்கும் எனக்கும் நடுவேயுள்ள தூரம் சற்றுக் குறைந்தாற்போல் தோன்றுகிறது.

1945இல் இங்கே நிறுவப்பட்ட ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர், திருவிடைமருதூர் நட்டுவனார் மரபைப் பம்பாய்க்குக் கொணர்ந்து நிலைநிறுத்திய ஸ்தாபனம். பெண் குழந்தைகள் சலங்கைப் பையுடன் டாக்ஸியிலிருந்து இறங்கி ஓடும் காட்சி இந்தப் பேட்டைக்குப் பழகிப்போனது. நான் பாடம் சொல்லும் வகுப்பிலும் பரதம் பயிலும் பெண்கள் உண்டு; எட்டு நாயிகைகளின் பெயரைப் பெருக்கல் வாய்பாட்டைவிடத் திருத்தமாக ஒப்பிப்பார்கள். நாயகன் காரியார்த்தமாகத் தேசாந்தரம் போயிருக்கத் தனித்திருப்பவள் ப்ரோஷிதபர்த்ருகை. குறித்த நேரத்தில் வராதவனை எண்ணித் தவிப்பவள் விரகோத்கண்டிதை. வரப்போகிறான் என்ற சேதி கிடைத்து வீட்டையும் தன்னையும் அலங்கரித்துக் காத்திருப்பவள் வாசகசஜ்ஜிகை. பரத முனிவர் பெண்மனத்தை இவ்வளவு நுட்பமாகப் பாகுபடுத்தியதை வியக்காமல் இருக்க முடியவில்லை.

எனினும் ஒரு குறை எனக்குத் தோன்றுகிறது. பதங்களிலும் வர்ணங்களிலும் நாயகனாக வருபவன் தெய்வம், அல்லது அரசன், அல்லது ஜமீன்தார். விரகத்தைப் பாடி, ஆடி, ஊதிக் காட்டுபவர்களே கலைஞர்கள். அந்தக் கலைஞனுக்காக ஒரு வீட்டில் ஒருத்தி காத்திருக்கக்கூடும் என்ற நினைவே அந்தச் சாகித்யகர்த்தாக்களுக்கு வந்ததில்லை போலும். கொத்தமங்கலம் சுப்பு 'தில்லானா மோகனாம்பா'ளை ஆனந்த விகடனில் தொடராக எழுதியபோதுதான், ஒரு நாதஸ்வர வித்வானுக்காக ஏங்கும் பெண்ணைத் தமிழ்நாடு வாரந்தோறும் எதிர்பார்த்தது. 1968இல் அது படமாக வந்தது. சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனின் முகம்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. அந்த இசைக்குரிய மூச்சோ மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. படம் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சகோதரர்களின் வீட்டுப் பெண்கள் திரையரங்கில் எந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்றே நான் யோசிக்கிறேன்.

ஆனி 24, செவ்வாய்

இன்று திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேர்; அவர் அங்கே வாசிக்கிறார். சுவாமி புறப்பாட்டுக்கு முன் வாசிக்கப்படும் மல்லாரி, கம்பீரநாட்டையில் அமைந்தது. சாகித்யம் என்று ஒரு சொல்லும் அதற்குக் கிடையாது. ஆனால் ரத வீதியில் நிற்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்குத் தெய்வம் கிளம்பிவிட்டது என்பதை அதைவிடத் தெளிவாக எந்தச் சொல்லும் அறிவிக்காது. தவில்காரர் தம் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து எனக்குக் கேட்கும்படி செய்தார். வடம் இழுக்கும் கோஷமும் வெடிச் சத்தமும் தவிலும் கலந்த பேரிரைச்சலுக்கு நடுவே, இன்னது என்று பிரித்தறிய முடியாத ஓர் இழையாக நாதஸ்வரம் வந்துவந்து மறைந்தது.

காருகுறிச்சி அருணாசலம் பிறந்த ஜில்லா அது. ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1962இல் 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலுக்கு இணையாக வாசித்துப் பாமரர் வீட்டு வானொலிக்குள்ளும் நாதஸ்வரத்தைக் கொண்டு சேர்த்துவிட்டு, நாற்பத்துமூன்று வயதுக்குள் 1964இல் மறைந்துவிட்ட அந்த மேதையின் பெயரைச் சொன்னால் இவர் இன்னமும் கையெடுத்துக் கும்பிடுகிறார்.

தேர் வீதியில் இவர் வாசிப்பதை ஊர் கேட்கட்டும். அதில் எனக்குப் பொறாமை இல்லை. நான் ஏங்குவது அந்த வாசிப்புக்கு அன்று. விடிவதற்கு முன் எழுந்து, காவேரிக் கரை நாணலில் செய்த சீவாளிகளைக் கிண்ணத் தண்ணீரில் நனைத்து, ஒன்றன்பின் ஒன்றாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, மழைக்காலத்து ஈரத்தில் ஊறிச் சொன்னபடி கேளாதவற்றை ஒதுக்கி, ஒன்றைத் தேர்ந்து, ஆச்சா மரத்து உலவில் பொருத்தி, அக்கம்பக்கத்தார் உறக்கம் கலையக் கூடாதே என்று மூச்சை அடக்கிக்கொண்டு, தோடியின் ஒரே பிடியைத் திரும்பத் திரும்ப, திருப்தி வராமல், பாதியில் நிறுத்தியும் மறுபடி தொடங்கியும் வாசிப்பாரே, அந்தச் சாதகத்தைக் கேட்க உலகத்தில் என்னைத் தவிர வேறு ரசிகர் இல்லை. முற்றுப்பெறாத அந்த வாசிப்புத்தான் எனக்கென்று வாய்த்த பங்கு. தபாலிலும் தொலைபேசியிலும் வந்து சேராதது அது ஒன்றே.

ஆனி 25, புதன்

தூக்கம் வராததால் டி.ஜே.எஸ். ஜார்ஜ் எழுதிய எம்.எஸ். சுப்புலட்சுமியின் வாழ்க்கை வரலாற்றை மீண்டும் எடுத்தேன். அந்த அம்மையார் மறைந்த 2004ஆம் ஆண்டிலேயே வெளிவந்த நூல். சுப்ரபாதத்தின் குரலாக, பட்டுப்புடவையும் வைரப் பேசரியுமாக, விக்கிரகம் என்றே நாம் வணங்கப் பழகிவிட்ட ஒருவர், இருபத்துமூன்று வயது யுவதியாக இருந்தபோது ஜி.என். பாலசுப்பிரமணியத்துக்கு எழுதிய காதல் கடிதங்கள் அந்நூலில்தான் வெளியாயின.

1940இல் வெளிவந்த 'சகுந்தலை' படத்தில் இவர் சகுந்தலை, அவர் துஷ்யந்தன். எல்லிஸ் டங்கன் டைரக்டர். ஆங்கில இலக்கியத்தில் ஹானர்ஸ் பட்டம் பெற்றவர், ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வர வழியைக் குரலில் ஏற்றி ராக ஆலாபனைக்கே புதுப்போக்கு உண்டாக்கியவர், சபைகளில் இளைஞர் கூட்டம் தேடி ஓடிய அழகர் ஜி.என்.பி. மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, சென்னைக்கு வந்து, பிறர் ஏற்பாட்டிலேயே வாழ்க்கை நடந்துகொண்டிருந்த ஒரு பெண் அவரை நேசித்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அதே 1940இல், படத்தைத் தயாரித்த சதாசிவம் அவர்களுடன் அவருக்குத் திருமணம் நடந்தது. 1941இல் 'சாவித்திரி' படத்தில் நாரதராக வேடம் புனைந்து அவர் ஈட்டிய பணத்தைக் கொண்டு 'கல்கி' பத்திரிகை தொடங்கப்பட்டது. 1945இல் 'மீரா'. அதன் பிறகு நடந்ததைத் தேசம் அறியும்.

அந்தக் கடிதங்களின் வாசகங்களை இந்த ஏட்டில் எடுத்தெழுத என் மனம் ஒப்பவில்லை. அவை எனக்கு எழுதப்பட்டவை அல்ல. நமக்கும் எழுதப்பட்டவை அல்ல. படித்துவிட்டேன் என்பதை மறைக்கவும் முடியாது. சங்கீத ஞானத்தால் உலகையே வென்ற ஒருவர் அங்கே சங்கீதத்தின் துணையின்றி, ராகமும் தாளமும் இன்றி, எல்லாப் பெண்களும் எழுதும் சாமானியச் சொற்களில், பார்க்க வேண்டும், வர வேண்டும், மறக்கக் கூடாது என்ற தாபத்தைத் தவிர வேறெதுவும் அறியாதவராய் நிற்கிறார். அதுவே என்னைக் கலங்க வைத்தது.

அந்த விரகம்தான் பிற்பாடு மீராவின் பக்தியாகக் கனிந்தது, அந்தத் துயரம் இல்லையேல் அந்தக் குரல் ஏது என்று சொல்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சு எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு பெண் பட்ட வேதனை, பிற்காலத்தில் நம் செவிக்கு விருந்தாகும் பொருட்டு விதிக்கப்பட்டது என்று கணக்குத் தீர்த்துவிடுவது ரசிகனுக்கு வேண்டுமானால் ஆறுதலாக இருக்கலாம். கடிதத்தை மடித்து உறையிலிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவளுக்கு அதில் என்ன ஆறுதல்? அவருடைய தாயாரின் வீணையும் பாட்டி அக்கம்மாளின் பிடிலும் ஒலித்த வீட்டில், பத்து வயதிலேயே கிராமபோன் தட்டில் பாடிவிட்ட குழந்தை அவர். சங்கீதம் அவருக்கு முன்பே இருந்தது. அவர் சேர விரும்பிய மனிதரோடு சேர்ந்திருந்தாலும் பாடித்தான் இருப்பார். நான் படித்த எந்தப் பேட்டியிலும் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஜி.என்.பி. 1965இல் ஐம்பத்தைந்து வயதில் மறைந்த பிறகு ஏறத்தாழ நாற்பது வருஷம் அந்த மௌனத்தோடு இருந்திருக்கிறார்.

ஆனி 26, வியாழன்

நேற்றைய நினைவு விடவில்லை. காளிதாசன் சகுந்தலைக்குச் சாபம் வரவழைத்த விதத்தைக் கவனித்தால் நெஞ்சு பதறுகிறது. அவள் செய்த குற்றம் யாது? பிரிந்துபோன நாயகனின் நினைவில் மூழ்கியிருந்து, வாசலில் வந்து நின்ற துர்வாசரின் குரலைக் கேளாது போனாள். எவனை நினைந்து என்னை அலட்சியம் செய்தாயோ அவன் உன்னை மறப்பான் என்கிறார் முனிவர். ஏங்குபவளுக்கு உலகம் விதிக்கும் தண்டனை இன்றைக்கும் இந்த வழியில்தான் வருகிறது. அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறாள், கூப்பிட்டால் கேட்பதில்லை, காரியத்தில் புத்தி இல்லை என்று. முனிவர் ஒரு நாழிகை திண்ணையில் அமர்ந்து காத்திருந்தால் காத்திருப்பது எத்தகையது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

ஆனி 29, ஞாயிறு

தாராவியில் அம்மா வீடு. ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதற்குச் சந்துக்குச் சந்து வசூல் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கென்று மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்களின் தெருக்கள் இவை. ஆண்கள் முதலில் வந்தார்கள்; பெண்கள் ஊரிலேயே இருந்து மணியார்டருக்குக் காத்திருந்தார்கள். என் தாயும் அப்படிக் காத்திருந்தவள்தான்.

நான் சாப்பிடாமல் இலையில் கோடு கிழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏட்டி, உங்க ஐயா இங்க தோல் கிட்டங்கியில கெடந்த காலத்துல நா மூணு வருசம் மொகத்தப் பாக்கல. மணியார்டர் பாரத்துல அவுக கையெழுத்து இருக்குமுல்லா, அதத்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். நீ போன்ல பேசிக்கிட்டே இருக்க, அப்பொறம் என்ன?" என்றாள்.

மணியார்டர் பாரத்தின் கீழ்ப்பகுதியில் சேதி எழுத ஒதுக்கியிருந்த இரண்டு அங்குல இடத்தில் என் தந்தை எழுதியதெல்லாம், நலம், நலமறிய அவா என்பதுதானாம். அவர் கலைஞர் அல்லர். அவரைப் பற்றி யாரும் தொடர்கதை எழுதப்போவதில்லை. ஆனால் அம்மா அந்தக் கையெழுத்தை நினைவு கூர்ந்தபோது அவள் முகத்தில் வந்த பிரகாசத்தை எந்த அபிநயத்திலும் நான் கண்டதில்லை. கலைஞனைப் பிரிந்திருப்பதற்கென்று தனியான மகிமை ஏதோ உண்டு என்ற எண்ணம் என்னிடம் கொஞ்சம் இருந்தது. அது தாராவியில் இன்று நிற்க இடமில்லாமல் போயிற்று.

ஆனி 31, செவ்வாய்

நேற்றோடு முகூர்த்தங்கள் முடிந்து, இன்று காலை திருநெல்வேலியில் நாகர்கோவில்-பம்பாய் வண்டி ஏறிவிட்டார். உதடு வீங்கியிருக்கிறதாம். மதுரை தாண்டியதும் ஒரு முறை பேசினார்; பிறகு உறங்கப் போவதாகச் சொன்னார். உறங்கட்டும்.

ஆனி 32, புதன்

விடிய விடிய மழை. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் தேங்கியிருப்பதாகவும், குர்லாவுக்கும் சயானுக்கும் நடுவே மின்வண்டிகள் ஊர்ந்து செல்வதாகவும் பக்கத்து வீட்டு மாமி வந்து சொன்னார். லோனாவ்ளா மலைப்பாதையில் சரிவு ஏதும் இல்லாமல் இருக்க வேண்டும். பள்ளியில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வீட்டை ஒழுங்குசெய்தேன். கடற்காற்றின் ஈரம் படாத உட்சுவர் ஓரமாக வாத்தியப் பெட்டிக்கு இடம் ஒழித்து, பழைய கம்பளியை மடித்துப் போட்டிருக்கிறேன். மாதுங்காவிலிருந்து வாங்கிவந்த மல்லிகையை நனைந்த துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். வாசகசஜ்ஜிகைக்குப் பரத முனிவர் விதித்த கடமைகளில் பெரும்பகுதி நிறைவேறிவிட்டது.

ஆடிக் கிருத்திகைக்குச் சேடா நகர் முருகன் சந்நிதியில் வாசிக்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. நூற்றெட்டுப் படியும் ஏறிப்போய் அர்ச்சகரிடம் நானே விசாரித்து வைத்திருக்கலாம். அதையும் அவரோடு சேர்ந்தே செய்வோம் என்று விட்டுவிட்டேன். இன்றைக்கும் நாளைக்கும் அவர் சீவாளியைத் தொடக் கூடாது. உதடு ஆறட்டும். நாளன்றைக்கு விடியற்காலையில் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைக்கிறேன்.

வண்டி புனாவை விட்டுப் புறப்பட்டதும் பேசினார். தாதர் வரை வந்தால் இந்த மழையில் நீ வீணாக அலைய வேண்டியிருக்கும், நான் கல்யாணிலேயே இறங்கி டாக்ஸி பிடித்து வந்துவிடுகிறேனே, நீ வீட்டிலேயே இரு என்றார். தாதருக்கே வாருங்கள், நான் மேடையில் இருப்பேன் என்று சொல்லிவிட்டேன்.