ஏதோ பெரிதாக

முப்பதுகளின் நடுவில் எனக்கு ஒரு வியாதி வந்தது. யாரைப் பார்த்தாலும் 'நாம் எதற்காகப் பிறந்தோம்' என்று பேச ஆரம்பித்துவிடுவேன். வங்கி வேலை, மதுரையில் சொந்த வீடு, குடும்பம் எல்லாம் இருந்தும், ஏதோ பெரிதாக ஒன்று எனக்காகக் காத்திருப்பதாக நினைப்பு. மனைவி, "முதல்ல கேஸ் புக் பண்ணுங்க" என்பாள். அவளுக்கு ஆழம் போதாது என்று நினைத்துக்கொள்வேன்.

புத்தகங்களாக வாங்கிக் குவித்தேன். வாழ்வின் நோக்கத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான இகிகை பற்றிப் படித்துவிட்டு நோட்டில் நான்கு வட்டம் போட்டேன்: பிடித்தது, தெரிந்தது, உலகுக்குத் தேவையானது, காசு வருவது. நான்கும் சேரும் இடத்தில் எழுத எதுவும் அகப்படவில்லை. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிரோடு மீண்ட வியன்னா மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்லையும் விடவில்லை. வாழ்க்கையிடம் அர்த்தம் கேட்க நமக்கு உரிமையில்லை, அதுதான் நம்மைக் கேட்கிறது, செயலால் பதில் சொல்ல வேண்டும் என்பது 1946இல் வெளிவந்த அவர் நூலின் சாரம். சிவப்பு மையில் கோடு போட்டேன். அதோடு சரி.

அப்போது மாலை வேளைகளில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கேட்டுக்கொண்டதால் ஆரம்பித்தது. காரணிப்படுத்துதல் சொல்லித்தரவா பிறந்தேன்? ஒரு பயிலரங்குக்காக வகுப்பை விட்டேன். பிறகு, யோசிக்க நேரம் வேண்டுமென்று மொத்தமாகவே நிறுத்தினேன். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய சமயம். பிள்ளைகளிடம் நேரில் சொல்லும் தைரியம்கூட இல்லை. "சாருக்கு வேலை இருக்குன்னு சொல்லிரு" என்று மனைவியை அனுப்பினேன்.

சில வருடங்கள் கழித்து, தீபாவளிக்கு முன்பு விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். சேலை விரித்துக் காட்டிய பையன் என்னையே பார்த்தான். "சார், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. திண்ணைத் தூணில் சாய்ந்து உட்காருகிறவன். என்ன படிக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். அவன் தோளில் கிடந்த சேலைகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"பத்தாவதுல கணக்கு மட்டும் போயிருச்சு சார். மறுபடி எழுதல."

ஒரு சேலையை மடித்தான். இன்னொன்றை எடுத்தான்.

"நீங்க நிப்பாட்டுனப்புறமும் ஒரு வாரம் வந்து வந்து பாத்தோம் சார். வேலை ஜாஸ்தி போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

குரலில் குறையே இல்லை. எனக்கு வேலை இருந்ததாகத்தான் அவன் இன்னமும் நம்புகிறான். அந்த ஒரு வாரமும் நான் உள்ளறையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தவர் எங்கள் ஊர் டாக்டர் கோ. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக ஆசைப்பட்டவர். முடக்குவாதம் விரல்களை வளைத்துப்போட்டது. கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களாலேயே லட்சத்துக்கும் மேல் அறுவைச் சிகிச்சை செய்தார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இந்தக் கதையை எத்தனையோ பேருக்கு நானே உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மறுபடி கணக்கு வகுப்பு நடக்கிறது. தனித்தேர்வராக எழுதலாம், வா என்று அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "ஞாயித்துக்கிழமைதான் சார் கடையில கூட்டம். தம்பி படிக்கிறான், அவனை அனுப்புறேன்" என்றான். தம்பி தவறாமல் வருகிறான். அண்ணன் இன்னும் ஜவுளிக்கடையில்தான் இருக்கிறான்.