அப்பாவுக்கு ஒரு சைட்கார்

சைட்கார் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு 'ஷோலே' (1975) படத்தில் அமிதாப்பும் தர்மேந்திராவும் பாடிக்கொண்டே போகும் பைக்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கும் அப்படித்தான், போன ஐப்பசியில் எங்கள் வீட்டு வாசலில் ஒன்று வந்து இறங்கும் வரை.

முன்கதைச் சுருக்கம். அப்பாவுக்கு சர்க்கரை. போன வருடம் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். திருக்காட்டுப்பள்ளியில் அப்பாவைத் தெரியாதவர்கள் கூட அவர் புல்லட் சத்தத்தைத் தெரிந்து வைத்திருப்பார்கள். இப்போது புல்லட் திண்ணை ஓரமாக நிற்கிறது, அவர் வீல்சேரில் இருக்கிறார். பின்னால் உட்கார வைத்தால் அவருக்கு பேலன்ஸ் கிடைப்பதில்லை. ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது, "நடவு முடிஞ்சிடுச்சாமே.. ஒரு தடவ வயல பாத்துட்டு வந்தா தேவல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அடுத்த வாரமே 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய சைட்காரை விலை பேசிவிட்டேன். பி.காம் படிப்பவன் பண்ணும் முதலீடா இது என்று கேட்காதீர்கள் :-)

ஒரு பட்டறையில் கிளாம்ப் போட்டு இடது பக்கம் மாட்டிக் கொடுத்தார்கள். "அவ்வளவுதான் தம்பி, ஓட்டுங்க" என்றார்கள். அப்பாவை ஏற்றுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கலாம் என்று 40 கிலோ நெல் மூட்டை ஒன்றை உட்கார வைத்துக்கொண்டு பூண்டி ரோட்டில் கிளம்பினேன். நேர் ரோட்டில் ராஜா மாதிரி இருந்தது. வலது பக்கம் ஒரு வளைவு வந்தது. ஹேண்டில்பாரைத் திருப்புகிறேன், திரும்ப மாட்டேன் என்கிறது! சுவரைத் தள்ளுவது மாதிரி இருந்தது. வண்டி இடது ஓரத்து வாய்க்காலைப் பார்த்துப் போனது. பயத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். வண்டி தானாக வலது பக்கம் இழுத்துக்கொண்டது, தப்பித்தேன். மூட்டை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரியிலிருந்து காஸ்ட் அக்கவுண்டிங்கை மூடி வைத்துவிட்டு சைட்கார் பாடம்தான்.

முதலில், ஏன் தப்பித்தேன்? சைட்கார் ஒரு பக்கத்துச் சுமை. முறுக்கினால் அது பின்தங்கி வண்டியைத் தன் பக்கம், அதாவது இடது பக்கம் இழுக்கும். ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் பிடித்தாலோ அது முன்னால் ஓடப் பார்க்கும், வண்டி வலது பக்கம் திரும்பும். இடது வளைவில் வேகமாகப் போனால் காலி சைட்கார் சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் உள்ளே மணல் மூட்டை வைப்பது அதனால்தான். நம் ஊரில் நெல் மூட்டை.

சரி, ஹேண்டில்பார் ஏன் அவ்வளவு கனம்? பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் வீல்சேரில் முன்னால் இருக்கும் குட்டிச் சக்கரங்களைப் பாருங்கள். அவை திரும்பும் அச்சு முன்னால் இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடம் கொஞ்சம் பின்னால் இருக்கும். அதனால்தான் தள்ளியதும் சக்கரம் தானாக நேராகிறது. இந்த இடைவெளிக்குப் பெயர் ட்ரெயில். பைக்கிலும் இதே கதைதான். ஃபோர்க்கின் சாய்வுக் கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். பல பைக்குகளில் இது நாலு அங்குலம் வாக்கில் இருக்கும். கையை விட்டாலும் வண்டி நேராகப் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

தனி பைக்கில் வளைவில் சாய்கிறோம், சாய்வே சக்கரத்தைத் திருப்ப உதவுகிறது. சைட்கார் மாட்டிய வண்டி சாயாது. அப்போது இந்த ட்ரெயில் சக்கரத்தை நேராக்கவே பார்க்கும். அதை எதிர்த்துத் தள்ள வேண்டியது நம் தோள்பட்டை. இதுநாள் வரை நம்மைக் காப்பாற்றிய அதே நாலு அங்குலம், பக்கத்தில் ஒரு ஆளை உட்கார வைத்ததும் நமக்கு எதிரியாகிவிடுகிறது. ட்ரெயிலைப் பாதியாகக் குறைத்தால் கைச்சுமையும் ஏறக்குறைய பாதியாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் வண்டிகளில் இருக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், குழாய்க்குள் குழாய் இறங்கும் வகை. சைட்கார் கொடுக்கும் பக்கவாட்டு விசையில் குழாய் லேசாக வளைந்து, உள்ளே மாட்டி மாட்டி இறங்கும். அதனால் பலர் லீடிங் லிங்க் ஃபோர்க்குக்கு மாறுகிறார்கள். இதில் சக்கரத்தின் அச்சை ஒரு ஆடும் கை முன்னால் பிடித்திருக்கும். பக்கவாட்டு விசையைத் தாங்கும், ட்ரெயிலையும் குறைக்கலாம். பி.எம்.டபிள்யூ 1955 முதல் 1969 வரை பயன்படுத்திய எர்ல்ஸ் ஃபோர்க்கும் இந்த ஜாதிதான். அந்தக் கையை மாட்ட அதில் இரண்டு இடம் விட்டிருந்தார்கள், ஒன்று தனியாக ஓட்ட, இன்னொன்று சைட்காரோடு ஓட்ட! ஆனால் ட்ரெயிலைக் குறைத்தால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில்பார் உதறும். அதற்கு ஸ்டீரிங் டேம்பர் மாட்ட வேண்டும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று.

இதையெல்லாம் பட்டறை அண்ணனிடம் சொன்னேன். "எதுக்கு தம்பி இவ்ளோ? ஃபோர்க்க காய வெச்சு முன்னால இழுத்துட்டா முடிஞ்சுது" என்றார். செலவு 800 ரூபாய். எனக்குள் இருந்த காமர்ஸ்காரனுக்கு சபலம் தட்டியது. வீட்டில் சொன்னதும் அப்பா பேப்பரைக் கீழே வைத்தார்.

"ஃபோர்க்க நெருப்புல காட்டுனா அந்த இரும்பு செத்துப் போயிடும்டா. ஒரு பள்ளத்துல பட்டுனு போயிடும். அப்புறம் அந்த வண்டியில நான் ஏற மாட்டேன். நீயும் ஏறக்கூடாது."

சட்டமும் கிட்டத்தட்ட அப்பா பக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம், 1988, மோட்டார் சைக்கிள் என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே கழற்றி மாட்டும் சைட்காரையும் சேர்த்திருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே வருடத் திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே திருத்தம் இன்னொரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. உடல் ஊனமுற்றவருக்காக மாற்றி, அவரே அல்லது அவருக்காக மட்டுமே ஓட்டும் வண்டிக்கு அதில் தனி வகை உண்டு. ஆர்.டி.ஓ. அனுமதி வாங்க வேண்டும். மனு எழுதிவிட்டேன். "யாருக்காக" என்ற இடத்தில் அப்பா பெயரை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அவர் பெயரில் இருக்கும் வண்டியில் அவர் இனி பயணி.

வயல்? பக்கத்துத் தெரு குட்டியானையில் வீல்சேரோடு ஏற்றி, குடமுருட்டிக் கரை வழியாகக் கூட்டிப் போனோம். கால் மணி நேரம் ஒன்றும் பேசாமல் பயிரைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது, "அறுப்புக்கு உன் வண்டியில வரேன். அவசரப்படாம பண்ணு" என்றார்.

சைட்கார் இப்போது கழற்றி வாசல் வேப்பமரத்தடியில் கிடக்கிறது. சாயங்காலம் அப்பா அதில் உட்கார்ந்துதான் பேப்பர் படிக்கிறார். தைக்குள் அனுமதி வரவேண்டும், நல்ல ஃபோர்க் ஒன்றும் அமையவேண்டும். 14,000 ரூபாய்க்கு இப்போதைக்கு ஒரு சாய்வு நாற்காலி கிடைத்திருக்கிறது என்று கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.