125 ப்ரூஃபும் ஒரு ஸ்பூன் தண்ணியும்

சரக்கு வாசனையே ஆகாதுங்கிற நல்லவங்க எல்லாம் இத்தோட எஸ்கேப் ஆயிக்கலாம், கோச்சுக்க மாட்டேன். மத்தவங்க ஒரு சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க.

இன்னிக்கு மேட்டர், புக்கர்ஸ். ஜிம் பீம் கம்பெனியோட போர்பன் விஸ்கி. நான் குப்பை கொட்டுற லூயிவில்லுக்கு (உள்ளூர்க்காரன் வாயில அது 'லூவல்') தெற்கால 25 மைல் போனா கிளெர்மான்ட்னு ஒரு சின்ன ஊர், அங்கதான் அவங்க கோட்டை. பல மாடி உயரத்துக்குத் தகரம் அடிச்ச கிடங்குகள் நிக்கும். பக்கத்துல இருக்கிற மரம், வேலி எல்லாம் கரி பூசின மாதிரி கறுத்துக் கிடக்கும். தீப்பிடிச்சதோன்னு பயந்துடாதீங்க. பீப்பாயிலேர்ந்து ஆவியாகிப் போற சாராயத்துல வளர்ற ஒரு பூஞ்சை அது. கொடுத்து வச்ச ஜென்மம்!

பாட்டிலுக்கு 90 டாலர் கொடுத்தேன். தங்கமணி ரசீதை ரெண்டு தடவை படிச்சாங்க. "என்னங்க, இதுல அப்படி என்ன இருக்கு?" ரொம்ப நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடி மூணு வாரம் சாயங்காலங்கள்ல, தினமும் இல்லீங்க, சனி ஞாயிறுல மட்டும், இந்த பாட்டிலை நோண்டிக்கிட்டு இருந்தேன்.

முதல்ல இந்த ப்ரூஃப். அமெரிக்காவுல சுலபம்: ஆல்கஹால் சதவீதத்தை ரெண்டால பெருக்கினா ப்ரூஃப். புக்கர்ஸ் பேட்சுக்கு பேட்ச் மாறும், பெரும்பாலும் 120களோட நடுவுல இருக்கும். கணக்குக்கு 125னு வச்சுக்குவோம், அதாவது 62.5 சதவீதம். நம்மூர் விஸ்கி பாட்டில்ல 42.8னு போட்டிருக்கும் பாருங்க, கூடவே 75 டிகிரி ப்ரூஃப்னும் பார்த்திருப்பீங்க. 42.8ஐ ரெண்டால பெருக்கினா 75 வராதேன்னு மண்டைய உடைச்சுக்காதீங்க. அது வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கணக்கு, அதுல 100 ப்ரூஃப்னா சுமார் 57 சதவீதம். அந்தக் கணக்குல நம்ம புக்கர்ஸ் 109 சொச்சம் வரும்.

இந்த வித்தியாசம் பேப்பர்ல படிக்கும்போது சும்மா எண்ணு. ஊத்தும்போதுதான் வேலையைக் காட்டும். நம்ம நண்பர் ஒருத்தர், மதுரைக்காரர், போன மாசம் வந்திருந்தார். நான் கிளாஸ்ல ஸ்பூனால தண்ணி விடறதைப் பார்த்துட்டு, "என்னண்ணே நீங்க, தண்ணியில போய் தண்ணி ஊத்துறீங்க? ராவா அடிக்கத்தானே இப்படி ஸ்ட்ராங்கா பண்ணி வச்சிருக்கான்!"ன்னார். சொல்லிட்டு ஒரு லார்ஜ் உள்ள போச்சு. மூஞ்சி அஷ்டகோணல். கை மிக்சரைத் தேடுது. "வேணாம் தம்பி, மெதுவா"ன்னு சொல்லச் சொல்ல ரெண்டாவது லார்ஜும் போச்சு.

கணக்கைப் பாருங்க. ரெண்டு லார்ஜ் 120 மில்லி. அதுல 62.5 சதவீதம்னா சுத்தமான ஆல்கஹால் 75 மில்லி. அதையே 42.8 சரக்குல குடிக்கணும்னா 175 மில்லி வேணும். அதாவது ஏறக்குறைய ஒரு முழு குவார்ட்டர்! ரெண்டே ரெண்டு லார்ஜ்தானேன்னு நெனச்சுக்கிட்டு இருந்த மனுஷன், கார் சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்பப் பார்த்தார். சாவி அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டு அரிசி டப்பாவுல தூங்குச்சு, அவர் சோபாவுல. அதனால இந்த மாதிரி பாட்டிலைத் தொடறவங்க முதல்ல வாங்க வேண்டியது அளவுக் கிண்ணம். 30 மில்லி ஊத்தினா அது நம்மூர் 44 மில்லிக்குச் சமம்னு மனசுல இருக்கட்டும்.

அவர் சொன்னதுல இன்னொரு விஷயமும் எனக்கு உடன்பாடு இல்ல. ராவா அடிக்கிறதுக்காக யாரும் இதை ஸ்ட்ராங்கா 'பண்ணல'. தண்ணி கலக்காம விட்டிருக்காங்க, அவ்ளோதான். போர்பனுக்குன்னு அமெரிக்காவுல சட்டம் இருக்கு. தானியத்துல குறைஞ்சது 51 சதவீதம் மக்காச்சோளம். உள்ளே தீயில கரிச்ச புத்தம் புது ஓக் பாத்திரத்துல ஊற வைக்கணும், நடைமுறையில பீப்பாய். காய்ச்சி எடுக்கும்போது 160 ப்ரூஃபைத் தாண்டக் கூடாது, பீப்பாயில ஊத்தும்போது 125ஐத் தாண்டக் கூடாது. கலர், எசென்ஸ் எதுவும் சேர்க்கக் கூடாது. தண்ணி மட்டும் சேர்க்கலாம், ஆனா பாட்டில்ல 80க்குக் கீழ போகக் கூடாது.

125க்கு மேல உள்ளே போகக் கூடாதுன்னா, 128 ப்ரூஃப்னு எல்லாம் பாட்டில் எப்படி வருது? கென்டக்கி கோடைதான் காரணம். தகரக் கிடங்கோட மேல் மாடிகள்ல சூடு எகிறும். அந்தச் சூட்டுல பீப்பாய்க் கட்டை வழியா ஆல்கஹாலை விடத் தண்ணி அதிகமா வெளியேறும், மிச்சம் இருக்கிறது வருஷா வருஷம் காரமாகும். ஸ்காட்லாந்துக் குளிர்ல இது தலைகீழ், அங்க ஊற ஊற ப்ரூஃப் இறங்கும். புக்கர்ஸ் ஆறிலேர்ந்து எட்டு வருஷம் வரைக்கும் இப்படி வெந்து வர்ற சரக்கு. மத்த போர்பன்ல பெரும்பாலானதை பீப்பாயிலேர்ந்து எடுத்து, தண்ணி விட்டு 80, 90ன்னு இறக்கி பாட்டில்ல அடைப்பாங்க. இங்க அந்தத் தண்ணிய நம்ம கையில விட்டுட்டாங்க. வடிகட்டுறதும் பேருக்குத்தான், கரித்தூளு உள்ளே வந்துடக் கூடாதேன்னு.

இப்படி ஒரு சரக்கை வெளிய கொண்டு வந்த ஆள் புக்கர் நோ. ஜிம் பீமோட பேரன், 1929ல பிறந்து 2004ல போய்ச் சேர்ந்தார். விடுமுறைப் பரிசா நெருங்கின வியாபாரிகளுக்குக் கொடுத்த பாட்டிலுக்கு ஏக வரவேற்பு, 1988லேர்ந்து கடைக்கு வந்துச்சு. 1992ல இதோட நாப் கிரீக், பேக்கர்ஸ், பேசில் ஹேடன்ஸ் மூணையும் சேர்த்து 'ஸ்மால் பேட்ச்' கலெக்‌ஷன்னு கம்பெனி இறக்கினாங்க. இந்த 'ஸ்மால் பேட்ச்'ங்கிற வார்த்தைக்குச் சட்டத்துல ஒரு அர்த்தமும் கிடையாது. 10 பீப்பாயும் ஸ்மால்தான், 300 பீப்பாயும் ஸ்மால்தான். லேபிள்ல அதைப் பார்த்து யாராவது 10 டாலர் ஜாஸ்தி கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க. பேட்ச் நம்பரையும் ப்ரூஃபையும் வயசையும் பாருங்க, அதுல விஷயம் இருக்கு.

சரி, கிளாஸுக்கு வருவோம்.

அடி அகலமா வாய் குறுகலா இருக்கிற சின்ன கிளாஸ்ல 30 மில்லி. ஊத்தின உடனே மூக்கை விட்டா செத்தீங்க, 62 சதவீதம் மூக்கு மயிரைப் பொசுக்கிடும். கால் மணி நேரம் சும்மா வச்சுட்டு, வாயைக் கொஞ்சம் திறந்துக்கிட்டு, கிளாஸை முகவாய்க் கட்டைக்கு நேரா பிடிச்சு மெதுவா மோந்து பாருங்க.

எங்க வீட்டுல மூக்கு தங்கமணிக்குத்தான். குடிக்க மாட்டாங்க, ஆனா சாம்பார்ல பெருங்காயம் எந்த கம்பெனின்னு சொல்ற ரகம். ஊத்தின உடனே நீட்டினேன், "பெயிண்டு டப்பா மாதிரி இருக்கு"ன்னு தள்ளிவிட்டாங்க. கால் மணி நேரம் கழிச்சு மறுபடி நீட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. "கடலை மிட்டாய்ங்க இது. பாகு ஒரு கொதி ஜாஸ்தியா போன கடலை மிட்டாய்."

அதேதான்! நானும் எத்தனையோ விமர்சனம் படிச்சிருக்கேன், வெண்ணிலா, டாஃபி, லெதர், புகையிலைன்னு அடுக்குவாங்க. லெதர் எப்படி ருசிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் செருப்பையா கடிச்சுப் பார்த்தேன்? ஜிம் பீம் வகையறாவுல வேர்க்கடலை வாசனை இருக்கும்னு இங்க எல்லாரும் சொல்றதுதான். அந்தக் கருகின பாகு, பீப்பாயைத் தீயில கரிக்கும்போது கட்டையில இருக்கிற சர்க்கரை உருகி வர்றது. ஓக் கட்டையோட லிக்னின் சிதைஞ்சா வெண்ணிலா வாசனை, கூடவே கொப்பரை மாதிரி ஒரு எண்ணெய் வாசம், அதுவும் கட்டையிலேர்ந்துதான். நாங்க அன்னிக்கு எழுதி வச்ச பட்டியல்: கடலை மிட்டாய், கருப்பட்டி, தச்சுப் பட்டறையில இழைச்ச மரச் சுருள், லேசா பட்டை.

வாய்ல முதல் சொட்டு வெறும் எச்சரிக்கை. நாக்கு மரத்துடும், அதை வச்சு எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. ரெண்டாவது சிப்பை ரெண்டு தடவை மென்னு முழுங்குங்க. ஆமாங்க, மெல்லணும். புக்கர் நோ இப்படித்தான் வாய்க்குள்ள புரட்டிப் புரட்டிப் பார்ப்பாராம், 'கென்டக்கி ச்யூ'ன்னே அதுக்குப் பேரு. நல்லெண்ணெய் மாதிரி ஒரு கனம். இனிப்பு முதல்ல, அப்புறம் சுக்குக் காரம், கடைசில நெஞ்சுக்குள்ள கணப்பு. முடியும்போது ஆறிப்போன ஸ்ட்ராங் டீயோட கடைசி மடக்கு மாதிரி ஒரு துவர்ப்பு. அது எனக்குக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

இப்பதான் தண்ணி. குளோரின் வாடை இல்லாத வடிகட்டின தண்ணியில ஒரு டீஸ்பூன், 5 மில்லி. 62.5 இப்போ 53 சொச்சத்துக்கு இறங்கிடும். பாருங்க, வாசனை குறையல, கூடுது! அதுவரைக்கும் சத்தமே போடாத ஆரஞ்சுத் தோல் வாசம் ஒண்ணு எங்கேர்ந்தோ எழுந்து வந்துச்சு. 2017ல ஸ்வீடன் லின்னேயஸ் பல்கலைக்கழகத்துல ரெண்டு பேர் கம்ப்யூட்டர்ல இதை ஓட்டிப் பார்த்தாங்க. விஸ்கிக்குப் புகை மணம் தர்ற குவாயகால்ங்கிற மூலக்கூறு, ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல இருந்தா உள்ளேயே ஆல்கஹாலோட ஒட்டிக்கிட்டு இருக்கு, 45க்குக் கீழ வந்தா மேல்பரப்புக்கு வந்துடுதுன்னு கண்டாங்க. நிஜ கிளாஸ்ல ஆயிரம் மூலக்கூறு இருக்கு, எல்லாத்துக்கும் இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா மதுரை நண்பர் ரெண்டு லார்ஜுல எதைக் குடிக்காம விட்டார்னு புரிஞ்சுது.

ரெண்டாவது ஸ்பூன்ல 47 வரும். இன்னும் தாங்குது, கடலை அப்படியே இருக்கு. மூணாவது ஸ்பூன்ல கதை கந்தல். பலகை வாசமும் துவர்ப்பும்தான் மிச்சம். என்னைக் கேட்டா ஒரு ஸ்பூன்தான் சரி.

அடுத்த சனிக்கிழமை மதுரைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன், இந்தத் தடவை டாக்ஸியில. அதே கம்பெனியோட நாப் கிரீக் ஒன்பது வருஷம், 100 ப்ரூஃப், விலை பாதிக்குக் கொஞ்சம் மேல. புக்கர்ஸை 30க்கு ஏழரை மில்லி தண்ணி விட்டு அதே 100க்கு இறக்கியாச்சு. பத்துப் பத்து மில்லியா ஊத்தி, எது எதுன்னு சொல்லாம தங்கமணி நாலு தடவை மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. நான் நாலுல மூணு தடவை புக்கர்ஸைக் கண்டுபிடிச்சேன். மூக்கால இல்ல, நாக்குல அந்த எண்ணெய்க் கனத்தை வச்சு. நண்பர் நாலு தடவையும் தனக்குப் பிடிச்சதுன்னு காட்டினது நாப் கிரீக். பாவம், "அப்ப அது சும்மா காரம்தானாண்ணே?"ன்னார்.

சும்மா காரம் இல்ல தம்பி. 750 மில்லி பாட்டில்ல 469 மில்லி ஆல்கஹால் இருக்கு. 40 சதவீத பாட்டில்ல 300தான். அதாவது இது ஒண்ணரை பாட்டில் சொச்சத்துக்குச் சமம். அப்படிப் பார்த்தா என் 90 டாலர் ஒரு சாதா பாட்டிலுக்கு 58 டாலர் வருது. இந்தக் கணக்கைத் தங்கமணிகிட்ட சொன்னேன். "அப்ப ஒண்ணரை மடங்கு நாள் வரணும்ல?"ன்னு கேட்டுட்டு பாட்டில்ல பேனாவால ஒரு கோடு போட்டுட்டாங்க :)

2016 கடைசில கம்பெனி இதை 100 டாலராக்கப் போறதா அறிவிச்சு, ஜனங்க கத்தின கத்துல அப்போ பின்வாங்கினாங்க. இப்போ மெள்ள மெள்ள அங்கதான் வந்து நிக்குது. 90க்குக் கிடைச்சா அடுத்த பேட்சும் எடுப்பேன். 100ஐத் தாண்டினா எனக்கு நாப் கிரீக் போதும். மதுரைக்காரர் ஏற்கனவே ஒண்ணு வாங்கிட்டார், கூடவே ஒரு டீஸ்பூனும்.